பழைய பட்ஜெட் ப்ராசஸர்களைக் கேமிங்குக்காக ஒப்பிடுவது எப்படி?

பழைய டெஸ்க்டாப் ப்ராசஸர் ஒன்றைக் கேமிங்குக்காக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்றைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்: பெயரில் இன்டெலின் ஐ3, ஐ5, ஐ7 ஆகியவற்றுள் எது இருக்கிறது, எத்தனை கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி), எத்தனை கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை நூறு கோடி சுழற்சி). ஒரே நிறுவனம் ஒரே தலைமுறையில் வெளியிட்ட ப்ராசஸர்களை ஒப்பிட இவை ஓரளவு போதும். ஆனால் 2011இல் வந்ததும் 2020இல் வந்ததும் அருகருகே விற்பனைக்குக் கிடக்கும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இவற்றை மட்டும் நம்பினால், கூடுதல் பணம் கொடுத்து மெதுவான ப்ராசஸரை வாங்கி வர நேரிடும். சேமித்த சில ஆயிரம் ரூபாயைக் கொண்டு முதல் கேமிங் கணினியை அமைக்கும் ஒருவருக்கு அது சிறிய இழப்பு அன்று. அதைத் தவிர்க்கத் தெரிந்துகொள்ள வேண்டியதோ அதிகமில்லை.

எதை அளக்க வேண்டும்

கேம் ஓடும்போது ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு கட்டங்களில் உருவாகிறது. எதிராளிகள் எங்கே நகர்கிறார்கள், எறிந்த பொருள் எங்கே விழுகிறது, திரையில் எவையெவை தெரிய வேண்டும் என்பனவற்றை ப்ராசஸர் கணக்கிட்டு, வரைய வேண்டியவற்றைக் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கிறது, கார்டு வரைகிறது. இரண்டில் எது தாமதமோ அதன் வேகமே நாம் காணும் வேகம். ஆகவே குறிப்பிட்ட ஒரு கேமில் குறிப்பிட்ட ஒரு ப்ராசஸருக்கு நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்ற ஓர் உச்சவரம்பு உண்டு; எவ்வளவு விலையுயர்ந்த கார்டைச் செருகினாலும் அந்த வரம்பு உயராது. அந்த வரம்பு எங்கே இருக்கிறது, அங்கே ஓட்டம் எவ்வளவு சீராக இருக்கிறது என்ற இரண்டையும் கண்டறிவதுதான் ப்ராசஸர் ஒப்பீடு.

சீர்மையைச் சராசரி எண் காட்டாது. நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமானால் ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும். 144 வேண்டுமானால் 6.9 மில்லிசெகண்டுக்குள். ஒரு ப்ராசஸர் பெரும்பாலான ஃப்ரேம்களை 12 மில்லிசெகண்டில் முடித்துவிட்டு, இருபதுக்கு ஒன்றை மட்டும் 60 மில்லிசெகண்டு வரை இழுத்தடித்தால், சராசரி 70 என்றே காட்டும். ஆனால் வளைவில் காரைத் திருப்பும் அந்தக் கணத்தில் படம் திக்கி நிற்கும். இதனால்தான் மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகத்தைக் குறிக்கும் '1 சதவீதத் தாழ்வு' என்ற எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். சராசரி 75, தாழ்வு 28 என்று காட்டும் ப்ராசஸரைவிடச் சராசரி 66, தாழ்வு 51 என்று காட்டுவதில் விளையாடுவது எவ்வளவோ நன்றாக இருக்கும். பழைய பட்ஜெட் ப்ராசஸர்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு பெரும்பாலும் இந்தத் தாழ்வு எண்ணில்தான் இருக்கிறது.

மதிப்பாய்வுகளைப் படிக்கும் முறை

மதிப்பாய்வு ஒன்றில் ஐந்து ப்ராசஸர்களும் 58, 59, 59, 60, 60 என்று கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டினால், ஐந்தும் சமம் என்று பொருளில்லை. அங்கே கிராபிக்ஸ் கார்டு திணறியிருக்கிறது, ப்ராசஸர்கள் காத்திருந்திருக்கின்றன. ப்ராசஸரின் வரம்பைக் காண வேண்டுமானால், அக்காலத்தின் வலுவான கார்டைக் கொண்டு 720பி அல்லது 1080பி ரெசல்யூஷனில் செய்த சோதனையைத் தேடுங்கள். 'யாரும் 720பியில் விளையாடுவதில்லையே' என்ற மறுப்பு இதற்கு எப்போதும் வரும். விளையாடுவதற்காக அந்த அளவைத் தேர்ந்தெடுப்பதில்லை. கார்டைக் குறுக்கே நிற்கவிடாமல் ப்ராசஸரை மட்டும் பார்ப்பதற்காகவே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே 80 என்று தெரிந்த வரம்பு, நீங்கள் 1080பியில் விளையாடும்போதும் ஏறக்குறைய 80தான். கார்டு அதைத் தொடுமா என்பது வேறு கேள்வி.

மதிப்பாய்வு எழுதப்பட்ட தேதியையும் கட்டாயம் பாருங்கள். இன்டெலின் பென்டியம் ஜி4560 ப்ராசஸர் 2017 ஜனவரியில் 64 டாலர் விலையில் வந்தபோது அதற்குக் கிடைத்த பாராட்டு முழுக்க நியாயமானது: இரண்டு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைச்சரம்), 3.5 கிகாஹெர்ட்ஸ் என்று, 117 டாலர் ஐ3-7100க்கு மிக அருகில் அது நின்றது. ஆனால் அந்தப் பாராட்டு அன்றைய கேம்களுக்கானது. மேலும், 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான திருத்தங்கள் பழைய இன்டெல் ப்ராசஸர்களின் வேகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டன. 2013இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலும் அதற்கு முந்தையவற்றிலும் இழப்பு கூடுதல் என்று மைக்ரோசாஃப்டே அப்போது கூறியது. எனவே 2013இன் சோதனை எண்ணை 2020இன் சோதனை எண்ணோடு நேராக வைத்து ஒப்பிடக் கூடாது. இரண்டு ப்ராசஸர்களையும் ஒரே நாளில், ஒரே கார்டில் ஓட்டிக் காட்டும் சோதனைக்கே மதிப்பு.

சினிபெஞ்ச் போன்ற ரெண்டரிங் (முப்பரிமாணப் படத்தை வரைந்து முடிக்கும்) சோதனைகளின் புள்ளிகளை வைத்துக் கேமிங்கைக் கணிப்பதும் சரிவராது. அந்த வேலை கோர்களுக்குச் சமமாகப் பிரிந்து, மெமரிக்காக அதிகம் காத்திருக்காமல் ஓடுகிறது. கேமோ ஒன்றிரண்டு த்ரெட்களைப் பெரிதும் சார்ந்து, கேச்சுக்கும் (ப்ராசஸருக்குள்ளேயே உள்ள சிறிய, வேகமான மெமரி) ரேமுக்கும் இடையே ஓயாமல் அலைகிறது.

ஒரே எண்ணிக்கை, வெவ்வேறு வேகம்

கோர் எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு, இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2012இல் வெளியிட்ட எஃப்எக்ஸ்-6300 நல்ல எடுத்துக்காட்டு. ஆறு கோர், 3.5 முதல் 4.1 கிகாஹெர்ட்ஸ் என்று காகிதத்தில் அது அதே ஆண்டின் ஐ5-3470 ப்ராசஸரைத் தாண்டி நிற்கிறது. பின்னதற்கு நான்கு கோர், 3.2 முதல் 3.6 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால் எஃப்எக்ஸில் ஆறு கோர்களும் மூன்று இணைகளாக அமைந்து, ஒவ்வோர் இணையும் தசமக் கணக்குப் பகுதியையும் கட்டளைகளைப் பிரித்தறியும் பகுதியையும் பங்கிட்டுக்கொள்கிறது. ஒரு சுழற்சியில் முடிக்கும் வேலையும் குறைவு. விளைவாகப் பெரும்பாலான கேம்களில் ஐ5-3470 முந்துகிறது. இதே குடும்பத்தின் எட்டு கோர் ப்ராசஸர்களை அப்படி விளம்பரப்படுத்தியது தொடர்பாக அமெரிக்காவில் நடந்த வழக்கை 2019இல் 1.21 கோடி டாலர் கொடுத்து ஏஎம்டி முடித்துக்கொண்டது.

இதைவிட நுட்பமான எடுத்துக்காட்டு 2020 மே மாதம் வந்த ஏஎம்டியின் ரைசன் 3 3100, ரைசன் 3 3300எக்ஸ் இரண்டும். இரண்டுக்கும் நான்கு கோர், எட்டு த்ரெட், 16 எம்பி எல்3 கேச். விலை 99 டாலரும் 120 டாலரும். 3100இல் கோர்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவுக்கும் 8 எம்பி கேச் ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரு குழுவில் ஓடும் த்ரெட்டுக்கு மற்றக் குழுவிலுள்ள தகவல் வேண்டுமென்றால் வெளிச்சுற்றாகப் போய் வர வேண்டும். 3300எக்ஸில் நான்கு கோர்களும் ஒரே குழு, 16 எம்பியும் அனைவருக்கும் பொது. கேம்களில் 3300எக்ஸ் காட்டும் முன்னிலைக்கு 3.9க்கும் 4.3க்கும் இடையிலான கிகாஹெர்ட்ஸ் வேறுபாடு மட்டும் காரணமன்று. இந்த உள்ளமைப்பும் காரணம். 2017இன் ரைசன் 3 1200 ப்ராசஸரும் இரண்டிரண்டாகப் பிரிந்ததே. ரைசன் 3 2200ஜியில் நான்கும் ஒரே குழுவில் இருந்தாலும், கேச் 4 எம்பிதான். விலைப்பட்டியலில் இவை எதுவும் தெரியாது.

பெயர் ஏமாற்றுவதும் இப்படித்தான். 2017 ஜனவரியில் 182 டாலருக்கு விற்ற ஐ5-7400 நான்கு கோர், நான்கு த்ரெட், 6 எம்பி கேச், 3.0 முதல் 3.5 கிகாஹெர்ட்ஸ். அதே ஆண்டு அக்டோபரில் 117 டாலருக்கு வந்த ஐ3-8100இலும் அதே நான்கு கோர், அதே நான்கு த்ரெட், அதே 6 எம்பி. வேகம் மட்டும் எப்போதும் 3.6. ஐ5 என்ற பெயருக்காக முன்னதைக் கூடுதல் விலைக்கு விற்பவர்களை இன்றும் காணலாம். அதேபோல் ஐ3-10100 நான்கு கோர், எட்டு த்ரெட்டோடு, மூன்று தலைமுறை முந்தைய ஐ7-7700இன் தோளுக்குத் தோள் நிற்கிறது. 2011இன் ஐ7-2600ஐத் தெளிவாகத் தாண்டுகிறது.

நான்கு த்ரெட் என்ற எல்லை

த்ரெட் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனால் கேம் மெதுவாக ஓடுவதோடு நிற்காது, ஓடாமலே போகலாம். இரண்டு த்ரெட் மட்டுமே கொண்ட பென்டியம் ஜி3258, ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட) ஏற்றது என்று 2014இல் பலரும் விரும்பி வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஃபார் க்ரை 4 அத்தகைய ப்ராசஸர்களில் கருந்திரையோடு நின்றுவிட்டது. இன்று இரண்டு த்ரெட் ப்ராசஸரைக் கேமிங்குக்காக எந்த விலையிலும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நான்கு கோர், நான்கு த்ரெட் என்பது நீண்ட காலம் பட்ஜெட் கேமிங்கின் பாதுகாப்பான இடமாக இருந்தது. 2015இல் ஜிடிஏ 5 கணினிக்கு வந்தபோது பரிந்துரைக்கப்பட்ட ப்ராசஸரே ஐ5-3470தான். பின்னர் நிலைமை மாறியதை சைபர்பங்க் 2077 தெளிவாகக் காட்டுகிறது: 2020இல் அதன் குறைந்தபட்சத் தேவை ஐ5-3570கே, 2023இன் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அதே கேமின் குறைந்தபட்சத் தேவை ஐ7-6700 அல்லது ரைசன் 5 1600, அதாவது எட்டு அல்லது பன்னிரண்டு த்ரெட். பேட்டில்ஃபீல்டு 1இன் 64 பேர் மோதும் களத்தில் நான்கு த்ரெட் ப்ராசஸர் நூறு சதவீதத்தில் சிக்கிக்கொள்ளும். சராசரி நன்றாகத் தெரிந்தாலும் படம் திக்கும்.

இத்தகைய ப்ராசஸர் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் ஓர் எளிய வழி உண்டு. ப்ராசஸர் தன் வரம்பில் முட்டி மூச்சுவாங்கும்போதுதான் திக்கல் மோசமாகிறது. ஆகவே கேமின் ஃப்ரேம் எண்ணிக்கையை வரம்புக்குச் சற்றுக் கீழே, 60 என்றோ 50 என்றோ கட்டிவிட்டால், ப்ராசஸருக்கு மூச்சுவிட இடம் கிடைத்து ஓட்டம் சீராகும். ஐ5 நான்கு கோர்களில் ஜிடிஏ 5 விளையாடுபவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது இது.

ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைத் தொகுதிகளையும் மறக்கக் கூடாது; ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 அத்தகைய தொகுதிகள், சில கேம்கள் அவற்றைக் கட்டாயமாகக் கேட்கும். ஜி4560இல் ஏவிஎக்ஸ் கிடையாது. ஆறாண்டு மூத்த ஐ5-2400இல் உண்டு. 2018இல் வந்த அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி தொடக்கத்தில் ஏவிஎக்ஸ் இல்லாத ப்ராசஸர்களில் ஓடவில்லை, பிறகே திருத்தம் வந்தது. ஏவிஎக்ஸ்2 வேண்டுமென்றால் இன்டெலில் ஹாஸ்வெல் தலைமுறை ஐ3, ஐ5 முதல், ஏஎம்டியில் ரைசன் முதல் பாருங்கள். எஃப்எக்ஸ் ப்ராசஸர்களில் அது இல்லை.

வீட்டில் அளந்து பார்ப்பது

நண்பரின் கணினியையும் உங்கள் கணினியையும் ஒப்பிட முடியுமானால், அது எந்த வரைபடத்தையும்விட நம்பகமானது. ஒரே கிராபிக்ஸ் கார்டை இரண்டிலும் மாற்றிச் செருகுங்கள். டிரைவர் பதிப்பும் கேமின் பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாட்யூனர் திரையின் மூலையில் கார்டின் பயன்பாடு, ஒவ்வொரு த்ரெட்டின் பயன்பாடு, ஃப்ரேம் நேரக் கோடு ஆகியவற்றைக் காட்டும். கேப்ஃப்ரேம்எக்ஸ் அவற்றைப் பதிவுசெய்து சராசரியையும் தாழ்வையும் கணக்கிட்டுத் தரும். இரண்டும் இலவசம்.

ரெசல்யூஷனைக் குறையுங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை உயர்ந்தால் தடை கார்டில் இருந்தது. உயராமல் கார்டின் பயன்பாடு மட்டும் 60, 70 சதவீதத்துக்கு இறங்கினால் நீங்கள் ப்ராசஸரின் வரம்பைத் தொட்டுவிட்டீர்கள். அந்த நிலையில் மொத்த ப்ராசஸர் பயன்பாடு 50 சதவீதம் என்று காட்டினாலும் குழம்ப வேண்டாம்; ஒரே ஒரு த்ரெட் முழுச்சுமையில் இருந்தாலே கேம் அங்கே நின்றுவிடும், மற்ற த்ரெட்கள் அதற்காகக் காத்திருக்கும். எஃப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ் போன்ற அப்ஸ்கேலிங் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் முறை) இந்த வரம்பை உயர்த்தாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். கூட்ட நெரிசலின் அளவு, பார்வைத் தொலைவு, ரே டிரேசிங் ஆகிய அமைப்புகள் ப்ராசஸருக்குச் சுமையைக் கூட்டுபவை. ஒப்பிடும்போது இவற்றை இரு கணினிகளிலும் ஒரே அளவில் வையுங்கள்.

சோதனைக்கு மக்கள் நெருக்கமுள்ள நகரப் பகுதியையே எடுங்கள். வெறும் வானத்தையும் சுவரையும் பார்த்து எடுத்த எண்ணால் பயனில்லை. ஒரே பாதையில் ஒரு நிமிடமாவது சென்று, மூன்று முறையாவது திரும்பச் செய்யுங்கள். முதல் ஓட்டத்தில் ஷேடர்கள் (கார்டு வரைவதற்கான சிறு நிரல்கள்) தயாராவதால் வரும் திக்கலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பழைய கணினியில் கூலருக்கடியில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். சூட்டினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டால், நீங்கள் அளப்பது ப்ராசஸரை அன்று, காய்ந்த பேஸ்டை. அதை மாற்றிய பிறகே அளக்கத் தொடங்குங்கள்.

ப்ராசஸரோடு சேர்ந்து வருபவை

ரேம் ஒற்றைக் குச்சியா இரட்டைக் குச்சியா என்பது, பல சமயம் இரண்டு ப்ராசஸர்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டையே விழுங்கிவிடும். 8 ஜிபி ஒற்றைக் குச்சியைவிட 4 ஜிபி இரண்டு நல்லது. 16 ஜிபியை 8 ஜிபி இரண்டாகப் போடுவது மேலும் நல்லது. ரைசனில் கோர் குழுக்களை இணைக்கும் சுற்றின் வேகமே ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டிருப்பதால், 2133இல் ஓடும் ரேமைப் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பைத் தேர்ந்து 3000, 3200க்கு உயர்த்தினால் தாழ்வு எண் நன்றாகவே ஏறும். கார்டு இல்லாமல் 2200ஜியின் உள்ளமைந்த வேகா 8ஐ மட்டும் நம்பி விளையாடுபவருக்கு இரட்டைக் குச்சி கட்டாயம்.

கார்டைச் செருகும் பிசிஐஇ தடமும் (கார்டுக்கும் ப்ராசஸருக்கும் இடையே தகவல் செல்லும் பாதை) முக்கியம். ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது, பிசிஐஇ 4.0 பதிப்பு மதர்போர்டுக்காக வடிவமைத்த அது, 3.0 போர்டில் பின்தங்கி, 2011இன் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையின் 2.0 போர்டில் மேலும் தடுமாறும். பழைய ஐ5க்குப் பதினாறு தடங்களைப் பயன்படுத்தும் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற கார்டே பொருத்தம். இன்டெல் ஆர்க் கார்டுகளை இந்தப் பட்டியலில் உள்ள பெரும்பாலான ப்ராசஸர்களோடு சேர்க்க வேண்டாம். ரீசைஸபிள் பார் (ப்ராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒருசேர அணுகவிடும்) வசதி இல்லாத போர்டில் அவை பெருமளவு வேகத்தை இழக்கின்றன.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், ஹெச்பி கணினிகள் முழுதாகவே கிடைக்கின்றன, ஐ5-3470, ஐ5-4590 பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. ஒல்லியான பெட்டியில் குட்டை வகைக் கார்டு மட்டுமே நுழையும்; பவர் சப்ளையில் கார்டுக்கான 6 பின் வயர் இருக்காது; ஆப்டிபிளெக்ஸ் 9020 போன்றவற்றில் மதர்போர்டுக்கே வழக்கமான 24 பின்னுக்குப் பதிலாக 8 பின் கனெக்டர் என்பதால் கடையில் கிடைக்கும் சப்ளையை நேராக மாட்ட முடியாது. ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் எடுத்துக்கொண்டு ஓடும் கார்டை நினைவில் வைத்துத்தான் இவற்றுக்கு விலை பேச வேண்டும்.

மதர்போர்டில் ப்ராசஸர் அமரும் சாக்கெட்டின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஜி4560க்கும் ஐ3-8100க்கும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயர்தான். ஆனால் 8100க்கு ஹெச்310, பி360 போன்ற 300 வரிசைப் போர்டு வேண்டும், ஜி4560 அதில் ஓடாது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் இதில் தாராளமானது: பயாஸ் அப்டேட் இருந்தால், 2017இன் பி350 போர்டில்கூட ரைசன் 5 5600ஐப் பொருத்தலாம்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கிறது. 2200ஜியும் 2400ஜியும் பெயரில் 2000 என்று இருந்தாலும் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் நிறுவிவிடலாம் என்று சொல்வார்கள். ஆனால் வாலோரன்ட் என்ற கேம் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் கேட்கும், இல்லையென்றால் திறக்காது.

எதற்கு எதை

கையில் இருப்பது மிகச் சிறிய தொகை, விளையாடப்போவது ஜிடிஏ 5, 2018க்கு முந்தைய கேம்கள் என்றால் முழுப்பெட்டியாக வரும் ஐ5-4590 போதுமானது. 3470ஐவிட அதையே விரும்புவேன், ஏவிஎக்ஸ்2 இருப்பதால். ஜி4560ஐ அதன் போர்டு ஏற்கெனவே உங்களிடம் இருந்தாலன்றி இன்று வாங்கக் காரணமில்லை. எஃப்எக்ஸ் வரிசையை விட்டுவிடலாம். மின்சாரமும் சூடும் கூடுதல், மேலே ஏற வழியும் இல்லை. ஐ3-8100க்கும் ரைசன் 3 1200க்கும் இடையே இன்றைய வேகத்தை மட்டும் பார்த்தால் ஐ3 தெளிவாக முன்னே நிற்கிறது. ஆனால் ஓராண்டு கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றும் திட்டம் இருந்தால், 1200 அமர்ந்திருக்கும் ஏஎம்4 போர்டு அந்த ஐ3யின் போர்டைவிட மதிப்புள்ளது. புதிய கேம்களும் வேண்டும் என்பவர் நான்கு த்ரெட் ப்ராசஸர்களைக் கடந்து ஐ3-10100, ரைசன் 5 2600, ரைசன் 5 3600 ஆகியவற்றுக்குள் தேடட்டும். ரைசன் 5 3600இன் 32 எம்பி கேச், கொடுக்கும் கூடுதல் பணத்துக்குப் பலன் தரும். தொகை இன்னும் சற்று நீளுமானால் 2022இன் ஐ3-12100 இவையனைத்தையும் பெரும்பாலான கேம்களில் முந்துகிறது.

வாங்கும் இடத்தில் ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஏஎம்4இல் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வரிசைகளைப் பார்த்தால் வளைந்த பின் உடனே தெரியும். இன்டெலில் பின்கள் மதர்போர்டின் சாக்கெட்டுக்குள் இருக்கும். போர்டோடு சேர்த்து வாங்குவதானால் ப்ராசஸரை எடுத்துக் காட்டச் சொல்லி, மொபைல் டார்ச் அடித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அங்கே ஒரு பின் வளைந்திருந்தாலும் பாதி ரேம் தெரியாமல் போகலாம், கார்டு ஸ்லாட்டும் வேலை செய்யாமல் போகலாம்.